முதுகுத்தண்டு ஆபரேஷன்: வார்டில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

முதுகுத்தண்டு அறுவை வார்டில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகுதான் உண்மையான சந்தேகங்கள் வெளியே வரும். "மேடம், ஒரு நிமிஷம்" என்று நோயாளியின் மகளோ அண்ணனோ வராந்தாவில் நிறுத்துவார்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் இன்னும் தெளிவாகக் கேளுங்கள். அவருக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

"ஜவ்வு விலகியிருக்குன்னு சொல்றாங்க. விலகினதைப் பிடிச்சு உள்ளே தள்ளிட முடியாதா?"

முடியாது, ஏனென்றால் உண்மையில் எதுவும் இடம் மாறி நிற்கவில்லை. நீங்கள் ஜவ்வு என்பது, முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க். அதன் வெளிப்புறம் பல அடுக்கு நார் வளையம். உள்ளே கொழகொழப்பான பகுதி. வளையம் கிழிந்தால் உள்ளிருப்பது பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பை அழுத்துகிறது. அந்த இடத்தில் வீக்கத்தையும் கிளப்புகிறது. காலில் மின்சாரம் பாய்வதுபோல் இழுப்பது இதனால்தான். பிதுங்கிய டிஸ்க்தான் இந்தக் கால்வலிக்குக் காரணம் என்பதை அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934இல் எழுதிய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 181 பேரை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிழிசல் நார் வளையத்தின் நடுவில்தான் வரும் என்று அதுவரை பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில், டிஸ்க் எலும்போடு ஒட்டியிருக்கும் விளிம்பே பிய்ந்து வருகிறது என்று இவர்கள் காட்டினார்கள். டிஸ்குக்கென்று ரத்தக்குழாய் கிடையாது. அதை ஒட்டியிருக்கும் எலும்புத் தகட்டு வழியாகத்தான் சத்து கசிந்து போகிறது. அதனால்தான் டிஸ்க் ஆறுவது இவ்வளவு மெதுவாக நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிதுங்கிய துண்டை உடலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவது பலருக்கு நடக்கிறது. படத்தில் பயமுறுத்தும் பெரிய துண்டுகள்தான் பெரும்பாலும் நன்றாகச் சுருங்குகின்றன.

"எம்ஆர்ஐயில மூணு இடத்துல பல்ஜ்னு வந்திருக்கு. மூணு இடத்துலயும் ஆபரேஷனா?"

வார்டில் நான் அதிகமாகப் பதில் சொல்லும் கேள்வி இது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை 33 ஆய்வுகளிலிருந்து தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. வலியில்லாத இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். 'பல்ஜ்' (டிஸ்க் உப்பியிருப்பது) என்ற சொல் வலியில்லாத இருபது வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் பொருந்தியது.

தலையில் நரை விழுவதுபோல் டிஸ்கிலும் வயது தெரியும். ரிப்போர்ட்டில் இருக்கும் ஒவ்வொரு வரியும் நோய் அல்ல. ஸ்கேன் இயந்திரங்கள் வளர்ந்த வேகத்துக்கு, அதில் தெரிவதில் எது வலிக்குக் காரணம், எது வெறும் வயது என்று பிரிக்கும் திறமை வளரவில்லை. என் பார்வையில் இந்தத் துறையின் தீராத பெரிய சிக்கல் இதுதான். கீழே வரும் பல பதில்கள் இங்கேதான் திரும்பி வரும்.

"அப்போ ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு எதை வச்சு முடிவு பண்றாங்க?"

மூன்று விஷயங்கள் ஒரே இடத்தைச் சுட்டவேண்டும்: நீங்கள் சொல்லும் வலி, டாக்டர் தொட்டுப் பார்த்துக் கண்டது, ஸ்கேன். கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை, வலி காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேல்புறத்துக்குப் போகிறது, ஸ்கேனிலும் எல்4-எல்5 இடத்தில் (நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே) அந்தப் பக்கத்து நரம்பு அழுந்தியிருக்கிறது என்றால் மூன்றும் பொருந்துகின்றன. இடது காலில் வலி, ஸ்கேனில் வலப்பக்கம் பிதுக்கம் என்றால் அவசரப்படக்கூடாது.

மூன்றும் பொருந்தினாலும் எல்லாருக்கும் உடனே கத்தி வேண்டியதில்லை. நெதர்லாந்தில் கடுமையான கால்வலி இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சீக்கிரமே அறுவை செய்தார்கள். மறு பாதியை மாத்திரை, பயிற்சியோடு காத்திருக்கச் சொன்னார்கள். 2007இல் வந்த முடிவு: ஓராண்டுக்குப் பிறகு இரு பக்கமும் 95 சதவீதம் பேர் நலம். அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் தாங்கமுடியாமல் இடையில் அறுவைக்கு வந்தார்கள். ஆகவே இது பெரும்பாலும் 'பண்ணியே ஆகவேண்டுமா' என்ற கேள்வி அல்ல. 'எவ்வளவு நாள் தாங்கமுடியும்' என்ற கேள்வி. தினக்கூலிக்குப் போகிறவருக்கும் வீட்டில் ஓய்வெடுக்க முடிகிறவருக்கும் பதில் வேறாக இருக்கலாம். அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

"ஆபரேஷனைத் தள்ளிப்போட்டா கால் விளங்காமப் போயிடுமா?"

வலி மட்டும் இருந்தால் தள்ளிப்போடுவதால் கால் போகாது. ஆனால் சில அறிகுறிகள் வந்தால் மேலே சொன்ன காத்திருப்புக் கணக்கு செல்லாது. சிறுநீர் போக வேண்டும் என்ற உணர்வே இல்லாமல் போவது, போகமுடியாமல் அடைத்துக்கொள்வது, தெரியாமல் கசிவது, மலம் கட்டுப்படாமல் போவது, சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படும் இடம் முழுக்க மரத்துப்போவது, இரண்டு கால்களும் ஒன்றாக வலுவிழப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்று இரவே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விடுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். "மூணு நாளா யூரின் சரியா வரலை, யார்கிட்ட சொல்றதுன்னு இருந்துட்டேன்" என்று ஒரு அம்மா சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது. கால்வலி குணமானது. சிறுநீர்ப்பை முழுதாகத் திரும்பவில்லை.

"முதுகுல கை வச்சா கால் போயிடும்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்களே?"

பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பெலும்பு வரை வருவதில்லை. முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகள் இருக்கும் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தனித்தனி நரம்புகள் குதிரைவால் மயிர்போல் நீரில் மிதந்து இறங்குகின்றன. நம்மூரில் பெரும்பாலான டிஸ்க் ஆபரேஷன்கள் எல்4-எல்5, அதற்கு அடுத்துக் கீழே உள்ள எல்5-எஸ்1 இடங்களில் நடப்பவை. அங்கே தண்டுவடமே இல்லை. ஒரு நரம்புக்குக் காயம் பட்டுப் பாதம் தொய்யலாம், உறை கிழிந்து நீர் கசியலாம், சீழ் பிடிக்கலாம். இவை குறைவாகவே நடந்தாலும் நடப்பவைதான். இரண்டு காலும் போவது அந்த இடத்தில் மிக அரிது.

நெஞ்சுப்பகுதி, கழுத்து, பெரிய கூனலை நிமிர்த்துவது, கட்டி எடுப்பது இவற்றில் ஆபத்து நிஜம். முன்பு பாதி அறுவையில் நோயாளியை மயக்கத்திலிருந்து எழுப்பி "காலை ஆட்டுங்க" என்று சொல்லிப் பார்ப்பார்கள். பிரான்சில் ஸ்டாக்னாரா குழுவினர் 1973இல் எழுதிய முறை அது. இப்போது தலையிலும் காலிலும் மின்முனைகள் வைத்து, மூளையிலிருந்து கால்வரை சைகை போகிறதா என்று அறுவை முழுக்கக் கவனிக்கிறார்கள். சைகை குறைந்தால் கையை நிறுத்தி, செய்ததைத் தளர்த்திப் பார்க்கலாம். வெளியில் யாருக்கும் தெரியாத இந்த முன்னேற்றம் எத்தனையோ பேரின் நடையைக் காப்பாற்றியிருக்கிறது.

"சின்னத் துளை போட்டுப் பண்றாங்களாமே. அது ஒசத்தியா?"

தசையை அதிகம் பிரிக்காமல் செய்வதால் ரத்தம் குறைவாகப் போகும், சீக்கிரம் எழுந்து நடக்கலாம். இது புதிதாக முளைத்ததும் அல்ல. மைக்ரோஸ்கோப் வைத்துச் சிறு கீறலில் டிஸ்க் எடுப்பது 1977 முதலே இருக்கிறது. இப்போது பரவுவது எண்டோஸ்கோப், அதாவது துளை வழியே கேமராக் குழாயை விட்டுச் செய்வது. கொரிய மருத்துவர்கள் இதில் மிகவும் முன்னே போயிருக்கிறார்கள். நெதர்லாந்தில் 613 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஒப்பீட்டில், எண்டோஸ்கோப் முறை வழக்கமான முறைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. மலையளவு வித்தியாசமும் இல்லை.

வெளியே தெரியும் தழும்பைவிட உள்ளே நரம்பு முழுதாக விடுபட்டதா என்பதே முக்கியம். எண்டோஸ்கோப் கைவர நிறையப் பழக்கம் வேண்டும். "இதை எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல டாக்டர்கள் கோபப்படுவதில்லை.

"ரோபோ பண்ணினா தப்பே நடக்காதாமே?"

ரோபோ அறுவை செய்வதில்லை. ஸ்கேனை வைத்து டாக்டர் கணினியில் திட்டம் போடுகிறார். ரோபோவின் கை அந்தக் கோணத்தில் ஒரு குழாயைப் பிடித்து நிற்கிறது. அதன் வழியே ஸ்க்ரூவைப் போடுவது டாக்டர்தான். முதுகுத்தண்டுக்கான முதல் ரோபோவுக்கு அமெரிக்காவில் 2004இல் அனுமதி கிடைத்தது. சாலைக்கு மேப் காட்டுவதுபோல் எலும்புக்குள் வழிகாட்டும் 'நேவிகேஷன்' கருவிகளும் உண்டு. முறுக்கிக்கொண்ட, பிறவியிலேயே உருமாறிய எலும்புகளில் இவை பெரிய துணை.

ஸ்க்ரூ குறி தவறாமல் இறங்குவது ஒன்று. அந்த ஸ்க்ரூ உங்களுக்குத் தேவையா என்பது வேறொன்று. இரண்டாவதை எந்த ரோபோவும் சொல்வதில்லை.

"பக்கத்து வீட்டுக்காரருக்கு எலும்பை மட்டும் சுரண்டி விட்டாங்க. எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் ஸ்க்ரூ?"

வயதானவர்களுக்கு நரம்புப் பாதை சுருங்கி, கொஞ்சதூரம் நடந்ததும் கால் கனத்து உட்காரவேண்டி வரும். அழுத்தும் எலும்பையும் தசைநாரையும் எடுத்துப் பாதையை அகலப்படுத்துவது அடிப்படை வேலை. கூடவே ஸ்க்ரூ, ராடு போட்டு இரண்டு எலும்புகளை ஒன்றாகச் சேர்க்கவேண்டுமா என்பதில்தான் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு.

2016இல் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஸ்வீடனில் 247 பேர்: ஸ்க்ரூ போட்டவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. அமெரிக்காவில் 66 பேர், எலும்பு சற்று முன்னே நழுவியவர்கள்: ஸ்க்ரூ போட்டவர்களின் பொது உடல்நலம் கொஞ்சம் மேல். பிறகு 2021இல் நார்வேயிலிருந்து, எலும்பு நழுவிய 267 பேரின் முடிவு வந்தது: பாதையை அகலப்படுத்துவது மட்டுமே, ஸ்க்ரூவும் சேர்த்துப் போடுவதற்குப் பலனில் குறைந்துபோகவில்லை. படித்துப் பார்த்தபின் என் சாய்வு, தேவையில்லாத இடத்தில் ஸ்க்ரூவைத் தவிர்க்கும் பக்கம்.

ஆனால் குனியும்போதும் நிமிரும்போதும் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு நகர்ந்தால், முறிவு இருந்தால், கிருமி எலும்பை அரித்திருந்தால், கூனல் இருந்தால், பாதையை அகலப்படுத்த முள்ளெலும்பின் மூட்டுப் பகுதியையே நிறைய எடுக்கவேண்டியிருந்தால் ஸ்க்ரூ வேண்டும். "அசையுதா டாக்டர்? எக்ஸ்ரேயில காட்டுங்க" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அப்பாவுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்தப் படத்தில் இருக்கும்.

"ஸ்க்ரூவை அப்புறம் எடுக்கணுமா? எம்ஆர்ஐ எடுக்க முடியாதா?"

தொந்தரவு இல்லையென்றால் எடுக்கவேண்டியதில்லை. இப்போது போடுபவை பெரும்பாலும் டைட்டானியம். எம்ஆர்ஐ எடுக்கலாம், அந்த இடத்தில் மட்டும் படம் மங்கும். எந்த உலோகம் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

"எலும்பு சீக்கிரம் ஒட்ட ஏதோ மருந்து வைக்கிறாங்களாமே?"

ஸ்க்ரூ தற்காலிகப் பிடிமானம். எலும்பு ஒட்டுவதுதான் நிரந்தரம். ஒட்டாவிட்டால் ஸ்க்ரூ என்றாவது தளரும். இதற்கு இடுப்பெலும்பிலிருந்தோ அறுவையில் எடுத்த எலும்பிலிருந்தோ துகள் வைப்பது வழக்கம். 2002இல் பிஎம்பி-2 என்ற எலும்பு வளர்க்கும் புரதத்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தபோது பெரிய பரபரப்பு. தயாரித்த நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வுக் கட்டுரைகள் 13இல், 780 நோயாளிகளுக்குப் பக்கவிளைவே இல்லை என்று எழுதியிருந்தது. 2011இல் வேறு மருத்துவர்கள் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோது, உபயோகித்த இடத்தைப் பொறுத்துப் பத்து முதல் ஐம்பது சதவீதம் வரை பாதிப்பு என்று மதிப்பிட்டார்கள். கழுத்தில் வைத்தபோது தொண்டை வீங்கி மூச்சு அடைத்தது பற்றி அமெரிக்க அரசே 2008இல் எச்சரித்திருந்தது.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம் உண்டு. புதுக் கருவி, புது மருந்து என்று வரும் எதற்கும், யார் பணத்தில் ஆய்வு நடந்தது என்பதும் சேர்ந்தே பார்க்கவேண்டியது.

"சிகரெட்டை விட்டாத்தான் ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. அதுக்கும் முதுகுக்கும் என்ன?"

நிகோடின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது, புண் ஆறுவதும் தாமதம். முதல் பதிலில் சொன்னதுபோல் டிஸ்குக்கு ஏற்கெனவே சத்து கசிந்துதான் போகிறது. புகையிலை மெல்லுவதிலும் அதே நிகோடின்தான். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்வதும் சீழ் பிடிக்காமல் இருக்கத்தான்.

"ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசமாச்சு. அம்மாவுக்கு வலி போகலை. டாக்டர் தப்புப் பண்ணிட்டாரா?"

சில நேரம் ஆமாம், பல நேரம் இல்லை. இந்த அறுவை கால்வலிக்கு நன்றாகக் கேட்கும், இடுப்புவலிக்கு அவ்வளவு கேட்காது. முன்பே இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், கால்வலி போனபிறகும் இடுப்பில் வலிக்கும்போது ஏமாந்ததாகத் தோன்றும். மரமரப்பு கடைசியாகத்தான் போகும். நீண்ட நாள் நசுங்கிக் கிடந்த நரம்பில் கொஞ்சம் தங்கியும் விடும்.

மற்ற காரணங்கள்: அதே இடத்தில் மீண்டும் டிஸ்க் பிதுங்கியது, எலும்பு ஒட்டாதது, சேர்த்த எலும்புக்கு அடுத்த மூட்டில் பாரம் ஏறித் தேய்ந்தது, கிருமி, அல்லது ஆரம்பத்திலேயே வலியின் இடம் வேறாக இருந்தது. கடைசிக் காரணம் இரண்டாம் கேள்வியில் சொன்ன சிக்கல். மனச்சோர்வு, தூக்கமின்மை இருப்பவர்களுக்கு வலி குறைவாக விடுகிறது என்பதும் தெரிந்த விஷயம். அது 'மனப்பிரமை' என்று அர்த்தமல்ல. வலியைக் கடத்தும் நரம்புமண்டலமே விழிப்பாகிவிட்டது என்று பொருள். மறு ஆபரேஷனுக்கு முன், வேறொரு டாக்டரின் கருத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"பாட்டி வழுக்கி உட்கார்ந்ததுல எலும்பு நசுங்கிடுச்சு. சிமெண்ட் வச்சா சரியாகிடுமா?"

ஊசி வழியே எலும்புக்குள் சிமெண்ட் செலுத்துவது 1984இல் பிரான்சில் தொடங்கியது. செய்த அன்றே எழுந்து உட்கார்ந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் 2009இல் வந்த இரண்டு ஆய்வுகளில், சிலருக்குச் சிமெண்ட் வைத்தார்கள். சிலருக்கு ஊசி போட்டதுபோல் மட்டும் செய்தார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு வலி குறைந்தது. நசுங்கிய எலும்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறும் என்பதால் எது எதனால் என்று சொல்வது கடினம். மருந்துக்கு அடங்காத வலியோடு படுக்கையில் கிடப்பவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பதே நிதானமான நிலை.

எலும்பு நசுங்கிய பாட்டிக்கு இன்னொன்றும் நசுங்கக்கூடும். எலும்பு அடர்த்தியைச் சோதித்து மருந்து தொடங்குவது சிமெண்டைவிட அவசியம். அதைத்தான் வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்.

"முதுகெலும்புல டிபியாம். இதுக்கு ஆபரேஷன் பண்ணாம விடலாமா?"

பெரும்பாலும் விடலாம். இதை நிரூபித்ததில் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. 1950களில் ஹாங்காங் மருத்துவர்கள் அழுகிய எலும்பை எடுத்து ஒட்டுவைக்கும் பெரிய அறுவையைப் பரப்பினார்கள். பிறகு சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் பங்கெடுத்த ஆய்வுகளில், நோயாளிகள் நடமாடியபடியே மாத்திரை சாப்பிட்டு குணமடைய முடியும் என்று தெரிந்தது. நரம்பு அழுந்திக் கால் பலவீனமானால், பெரிய சீழ்க்கட்டி இருந்தால், எலும்பு சரிந்து கூன் விழுந்தால்தான் அறுவை.

குழந்தைகள் விஷயத்தில் கவனம் வேண்டும். நோய் ஆறியபிறகும் வளரும் பருவத்தில் கூன் கூடிக்கொண்டே போகலாம். எவ்வளவு கூடும் என்று முன்கூட்டியே கணக்கிடும் வழியை ராஜசேகரனும் சென்னையின் டி.கே. சண்முகசுந்தரமும் 1987இல் தந்தார்கள். மாத்திரை முடிந்துவிட்டது என்று எக்ஸ்ரேக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். இரவுக் காய்ச்சல், எடைக் குறைவோடு முதுகுவலி இருந்தால் எண்ணெய் போட்டு நீவுவதும் கட்டுப்போடுவதும் வேண்டாம்; அரித்துப்போன எலும்பு அழுத்தத்தில் சரியும்.

"பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசு. முதுகு ஒரு பக்கமா வளையுது. பெல்ட் போட்டா நேராகுமா?"

நேராகாது, மேலும் வளையாமல் தடுக்கும். 2013இல் வந்த ஆய்வில், பெல்ட் போட்ட பிள்ளைகளில் 72 சதவீதம் பேருக்கு அறுவைக்குத் தேவையான அளவுக்கு வளைவு போகவில்லை; போடாதவர்களில் அது 48 சதவீதம். தினம் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். பள்ளியில் கேலி செய்வார்கள் என்று பெண் கழற்றி வைத்தால் திட்டாதீர்கள், டீச்சரிடம் பேசுங்கள்.

வளைவு 45, 50 டிகிரியைத் தாண்டினால் ஸ்க்ரூ, ராடு. சேர்க்காமல், வளரும் பிள்ளைக்குக் கயிறு கட்டி வளர்ச்சியைக் கொண்டே நிமிர்த்தும் புது முறைக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அசைவு மிஞ்சும் என்பது ஆசைக்குரியது. கயிறு அறுந்து மறு அறுவைக்குப் போனவர்களும் உண்டு.

"தம்பி பைக்ல விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஆபரேஷன் பண்ணினா நடப்பானா?"

இந்தக் கேள்விக்குத்தான் வாய் எழுவதில்லை. அறுவை முறிந்த எலும்பை நிறுத்துகிறது, அழுத்தத்தை எடுக்கிறது, மேலும் சேதமாகாமல் காக்கிறது. அறுந்த நரம்பிழைகளை ஒட்டவைப்பதில்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே கொஞ்சமாவது உணர்வோ அசைவோ மிஞ்சியிருந்தால் நம்பிக்கை நிஜம். 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்தவர்களுக்கு மீட்சி அதிகம் என்று கழுத்துக் காயங்களில் நடந்து 2012இல் வந்த ஆய்வு காட்டியது. அதனால் நேரம் முக்கியம். தமிழகத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது; பணம் புரட்டிவிட்டு வரலாம் என்று தாமதிக்காதீர்கள். விழுந்தவரைக் கைகாலைப் பிடித்து மடித்துத் தூக்காமல், கழுத்தும் முதுகும் அசையாமல் பலகையில் ஏற்றுங்கள்.

"ஸ்டெம் செல் ஊசி போட்டா நரம்பு வளருமாம். லட்சக்கணக்கில் கேட்கிறாங்க. நிலத்தை வித்துடலாமா?"

விற்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) என்பது அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே தரக்கூடியது. அப்படிப்பட்ட ஆய்வில் நோயாளியிடம் பணம் கேட்கமாட்டார்கள். ஜப்பானில் கேயோ பல்கலைக்கழகம் நான்கு பேருக்கு இப்படிப்பட்ட செல்களை வைத்து 2025இல் முடிவைச் சொன்னது: இருவருக்கு முன்னேற்றம். நான்கே பேர். நம்பிக்கை துளிர்க்கப் போதும், நிலத்தை விற்கப் போதாது.

"மூளையில கருவி வச்சு நடக்க வச்சிட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?"

அது உண்மைச் செய்தி. சுவிட்சர்லாந்தின் லோசானில் கூர்டின், பிளாக் இருவரின் குழு, மூளையின் சைகையைத் தண்டுவடத்தின்மேல் வைத்த மின்முனைகளுக்கு அனுப்பி, கெர்ட்-யான் ஆஸ்காம் என்பவரை நடக்கவைத்தது, 2023இல் வெளியானது. அவருக்குக் காயம் முழுமையானதல்ல, பல ஆண்டு பயிற்சியும் இருந்தது. அறுவையே இல்லாமல் கழுத்தின் தோல்மேல் மின்சாரம் கொடுத்துக் கையின் பிடியை மேம்படுத்தும் கருவிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது; 60 பேரிடம் நடந்த சோதனையில் 72 சதவீதம் பேருக்குப் பலன். டம்ளரைத் தானே பிடித்துக் குடிப்பது எவ்வளவு பெரிது என்று வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். நம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வர இன்னும் நாளாகும்.

"அதுவரைக்கும் தம்பியை வச்சுக்கிட்டு நாங்க என்னதான் பண்றது?"

வேலூர் சிஎம்சியில் டாக்டர் மேரி வர்கீஸ் என்றொருவர் இருந்தார். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு மையத்துக்கு அவரே அடித்தளம் இட்டார். அங்கே கற்றுக்கொடுப்பதைத்தான் நானும் உங்களுக்குச் சொல்லித்தருகிறேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள், இரவிலும். வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பு முனைகளில் சிவப்பு தெரிகிறதா என்று தினம் பாருங்கள். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு படுக்கைப்புண்ணின் தொடக்கம். சிறுநீர்க் குழாயை நிரந்தரமாக விட்டுவிடாமல், நேரம் வைத்து வடிக்கும் முறையைத் தம்பியே பழகட்டும்; சிறுநீரகத்தைக் காப்பது அதுதான். கணுக்கால் இறுகிப்போகாமல் காலையும் மாலையும் மடக்கி நீட்டுங்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதைக் காட்டுகிறேன். வீட்டிலிருந்து இரண்டு பேர் வாருங்கள், வாசற்படியின் உயரத்தையும் கழிப்பறைக் கதவின் அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு.